பேச்சு நிற்கும் இடங்கள்

வயதான ஒருவர் தடுக்கி விழுந்தால், காயத்துக்கு மருந்து போடுவதற்கு முன்பே வீட்டில் ஒரு விசாரணை நடந்து முடிந்துவிடுகிறது. “பார்த்து நடக்கக் கூடாதா?” “அப்படி என்ன யோசனை?” “எத்தனை தடவை சொல்றது?” மகன் கேட்கிறார், மருமகள் கேட்கிறார், ஆட்டோவில் ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவரும் தன் பங்குக்குக் கேட்டுவைக்கிறார். விழுந்தவர் தலையைக் குனிந்துகொண்டு “என் தப்புதான்” என்கிறார். அதோடு வழக்கு முடிந்தது. அவர் காலை வாரிய சிமென்ட் பலகை இன்னும் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது; போய்ப் பார்க்க ஆளில்லை.

அவர் ஏதோ யோசனையில் இருந்தார் என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பேத்தியின் கல்லூரிக் கட்டணமோ, மாத்திரை வாங்க மறந்ததோ மனதில் ஓடியிருக்கும். இல்லையென்றால் பையில் போன் அடித்திருக்கும். ஆனால் யோசித்துக்கொண்டே நடக்காத மனிதர் யார்? இருபத்தைந்து வயதில் நாம் எல்லோரும் பேசியபடி, பாட்டுக் கேட்டபடி, வாட்ஸ்அப் பார்த்தபடிதான் நடக்கிறோம். அதே காரியம் எழுபது வயதில் ஏன் ஆபத்தாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அந்த விசாரணைக் கூண்டில் விழுந்தவரை மட்டும் நிறுத்த மனம் வராது. கூட்டத்தில் நிற்கும் மற்ற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

ஸ்வீடன் நாட்டின் வடக்கே உமியோ என்ற ஊர். அங்கே முதியோர் குடியிருப்பு ஒன்றில் வசித்தவர்களிடம் லுண்டின்-ஓல்சன், நைபெர்க், கஸ்டாஃப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் மிக எளிமையான ஒன்றைக் கவனித்தார்கள். கூடவே நடந்துபோகும்போது பேச்சுக் கொடுத்தார்கள். சிலர் பேசிக்கொண்டே நடந்தார்கள். சிலர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். மொத்தம் 58 பேரில் அப்படி நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த இந்தச் சிறு கட்டுரை, முதுமை மருத்துவத்தில் ஒரு புது வாசலைத் திறந்துவிட்டது. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஒரு பேச்சு மட்டும்தான். அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நிற்காமல் நடந்த 46 பேரிலும் 11 பேர் விழுந்தார்கள். ஆகவே பேசிக்கொண்டே நடக்கிறவர் பத்திரமானவர் என்று பொருளில்லை. பேசினால் நிற்கிறவர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதுதான் பொருள்.

நடை தானாக நடக்கிற காரியம் என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. ஒரு காலை எடுத்து இன்னொரு காலை வைக்கும் தாளத்தைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் பார்த்துக்கொள்ளும், மேல்மட்டத்து மூளைக்கு அதில் வேலையில்லை என்ற எண்ணம். சமதளத்தில், வெளிச்சத்தில், இளமையில் அது ஏறக்குறைய சரிதான். வயது ஏற ஏற நிலைமை மாறுகிறது. பாதத்திலிருந்து மேலே போகும் செய்தி மங்குகிறது. கண்ணில் புரை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் தேய்வு, கணுக்காலில் தளர்ச்சி. நம் ஊரில் இவற்றோடு சர்க்கரை நோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதம் மரத்துப்போனவருக்குத் தன் கால் எந்த இடத்தில் ஊன்றியிருக்கிறது என்பதே பாதி ஊகம்தான். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பத்தடி போய்விடுகிறவர்கள் உண்டு.

கீழேயிருந்து செய்தி சரியாக வராதபோது மேலே இருக்கும் மூளை தானே இறங்கி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைதான் திட்டமிடுவதும், இரண்டு வேலைகளுக்குக் கவனத்தைப் பங்கிடுவதும், வேண்டாததை ஒதுக்குவதும். நடந்துகொண்டே பேசும்போது அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடுவதை நெற்றியில் உணர்கருவி கட்டி அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதுமையில் அந்த முன்மூளையின் வேகமும் குறைகிறது. தேவை கூடி, கையிருப்பு குறையும் நேரம் அது. அப்போது யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதிலிலோ நடையிலோ ஏதாவது ஒன்றில் துண்டு விழத்தான் செய்யும். வேகம் குறையும், அடி சுருங்கும், ஒவ்வோர் அடிக்கும் நடுவே உள்ள நேரம் ஒழுங்கு தப்பும். இந்த ஒழுங்கு தப்புவதுதான் வேகம் குறைவதைவிட மோசமான அறிகுறி என்று நடையை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

பெர்லினில் லிண்டன்பெர்கர், பால் பால்டெஸ் ஆகியோரின் குழு இதை வேறு விதமாகச் சோதித்தது. குறுகலான தடத்தில் நடந்துகொண்டே சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இருபதுகளில் இருப்பவர்கள், நாற்பதுகளில் இருப்பவர்கள், அறுபதுகளில் இருப்பவர்கள் என்று மூன்று அணி. வயது கூடக்கூட இழப்பும் கூடியது. நாற்பதுகளில் இருந்தவர்களிடமே வித்தியாசம் தெரிந்தது என்பதை, இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நடுவயது வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2001-இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. நடக்கிறவர்களுக்கு இரண்டு உதவிகள் கொடுத்தார்கள்: ஒன்று, நினைவுக்குத் துணை செய்யும் கருவி. மற்றது கைப்பிடிக் கம்பி. இளைஞர்கள் கருவியைப் பயன்படுத்திக்கொண்டார்கள், முதியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சொற்கள் மறந்தால் மறக்கட்டும், விழக்கூடாது என்பது அவர்கள் எடுத்த முடிவு.

இதை வைத்துப் பார்த்தால், கேள்வி கேட்டதும் நின்றுவிடும் தாத்தா புத்திசாலி. இரண்டையும் ஒருசேரச் செய்தால் விழுவோம் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் “ஏன் நடுவழியில நிக்கிறீங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்களேன்” என்று அவசரப்படுத்துகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இந்த மரணங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில். பாதிக்கப்படுவோரில் அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நூற்றில் பத்துப் பேர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். அன்றிலிருந்து இந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாக, ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் தாமே நடந்து போகும் முதியவர்கள் இல்லாத தெரு இப்போது நம்மிடம் இல்லை.

அந்தத் தெருவை ஒரு முறை அவர்கள் காலால் நடந்து பார்க்கலாம். நகரத்தில் ஏதோ ஒரு குடியிருப்புச் சாலை என்று வைத்துக்கொள்வோம். பிளாட்பாரம் என்று ஒன்று இருக்கிறது. முதல் வீட்டுக்காரர் தன் கார் ஏறுவதற்காகச் சரிவு போட்டிருக்கிறார், அதில் இறங்கி ஏற வேண்டும். இரண்டாவது வீட்டின் சரிவு இன்னும் செங்குத்து, மேலே வழுவழுவென்று டைல்ஸ் வேறு. அடுத்து மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றிப் போக சாலையில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் பைக் நிற்கிறது. பிறகு மழைநீர் வடிகாலின் மூடிகள்: ஒன்று உயரம், ஒன்று பள்ளம், ஒன்று மிதித்தால் ‘டொக்’ என்று ஆடும். மளிகைக் கடையின் படி பிளாட்பாரத்துக்கு நீண்டிருக்கிறது. இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் வெட்டிய கூடுகள். தலைக்கு நேரே தொங்கும் கேபிள். இத்தனையும் நூறு அடிக்குள். இருபது வயதுக்காரர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார், அவர் கால் தானே பார்த்துக்கொள்ளும். எழுபது வயது அம்மாவுக்கு ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. இங்கே காலை வைக்கலாமா, கம்பத்தைப் பிடிக்கலாமா, சாலையில் இறங்கினால் பின்னால் வண்டி வருமா? அவர் மூளையின் கையிருப்பு முழுவதும் இந்தக் கணக்கிலேயே செலவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு ஹாரன்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட பாதசாரி வசதிக்கான வழிகாட்டி நெறிகள், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கின்றன. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. தியாகராயர் சாலையில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகம், மனது வைத்தால் செய்ய முடியும் என்பதைக் காட்டியது. விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடியிருப்புச் சாலையின் தடைகளை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால், அரசை மட்டும் திட்டிவிட்டு நகர முடியவில்லை. கார்ச் சரிவு நம்முடையது. பைக் நம்முடையது. கடைப்படி நம் மளிகைக்காரருடையது. அவருக்கும் மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும் என்ற நியாயம் உண்டு. இளநீர்க்காரருக்கு அந்த இடம்தான் சோறு. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது, அதைப் பிடுங்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. சொல்லப்போனால், களைத்துப்போன முதியவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்த வியாபாரிதான். வண்டிக்கு ஓர் இடம், நடைக்கு ஓர் இடம் என்று கோடு போட்டுக்கொள்வதில் அவருக்கும் மறுப்பு இருக்காது. மறுக்கிறவர் யாரென்றால், தன் வாசலில் உள்ள சரிவை ஓர் அங்குலம்கூட வெட்ட விடாத நாம்.

சாலையைக் கடப்பது இன்னொரு சோதனை. சிக்னலில் நடப்பவர்களுக்கு எத்தனை வினாடி விடுவது என்று கணக்குப் போடுகிறவர்கள், பல நாடுகளில், மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடையை அளந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8 மீட்டர். பதினான்கு மீட்டர் அகலச் சாலையை எடுத்துக்கொண்டால், சிக்னல்காரரின் கணக்குக்குப் பன்னிரண்டு வினாடி போதும். அந்த அம்மாவுக்குப் பதினேழரை வேண்டும். ஐந்தரை வினாடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார். அந்த 0.8 மீட்டரும் வீட்டுக்குள், தொந்தரவு இல்லாமல், நேராக நடந்தபோது எடுத்த அளவு. இடப்பக்கம் திரும்பும் வண்டிகள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், கையில் பை எல்லாம் சேர்ந்தால் வேகம் இன்னும் இறங்கும். சிங்கப்பூரில் 2009 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதியவர் தன் பயண அட்டையைச் சிக்னல் கம்பத்துக் கருவியில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து மூன்று முதல் பதின்மூன்று வினாடி வரை பச்சை நீளும். நம் ஊருக்கு அட்டைகூட வேண்டாம். அரசு மருத்துவமனை, கோயில், சந்தை, ஓய்வூதிய அலுவலகம் இருக்கும் சந்திப்புகளில் மட்டுமாவது எல்லோருக்கும் ஐந்து வினாடி கூட்டிவிடலாம். வண்டி ஓட்டும் நாம் அந்த ஐந்து வினாடியைப் பொறுத்துக்கொள்வோம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் காவல்துறைக்கும் துணிச்சல் வரும்.

பேருந்துக்குள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவையே இல்லை. மூதாட்டி ஒருவர் படியேறுகிறார். இரண்டாவது காலை உள்ளே வைப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. “எங்கம்மா இறங்கணும்?” என்கிறார் கண்டக்டர். அந்த அம்மா ஊர்ப்பேரை யோசிக்கிறார், கம்பியை விட்டுவிட்டுப் பையைத் துழாவுகிறார், வண்டி திருப்பத்தில் சாய்கிறது. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, ஆனாலும் சீட்டு கிழித்துத் தர வேண்டும், இறங்குமிடம் கேட்டாக வேண்டும். கண்டக்டர் தன் வேலையைத்தான் செய்கிறார். டிரைவருக்கு ட்ரிப் நேரம் இருக்கிறது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஒருவரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவை நடந்துகொண்டே கணக்குப் பண்ண வைத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்த பிறகு கேட்டால் என்ன? அவர் உட்காரும்வரை டிரைவர் கிளட்சை மிதித்தபடி இருந்தால் என்ன? அதற்குப் போக்குவரத்துக் கழகம் ட்ரிப் நேரத்தில் கொஞ்சம் தளர்வு கொடுக்க வேண்டும். முன்சீட்டில் இருக்கும் நாம் எழுந்திருக்க வேண்டும், அதுவும் அவர் ஐந்து சீட் தாண்டி உள்ளே தள்ளாடி வருவதற்கு முன்பே. சென்னையில் 2024-இல் சேர்க்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகள் ஏறும் கஷ்டத்தைக் குறைத்திருக்கின்றன. அவை நிறுத்தத்தை ஒட்டி வந்து நின்றால்தான் அந்தத் தாழ்தளத்துக்குப் பயன். நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நின்றால் பேருந்து நடுரோட்டில்தான் நிற்கும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதை அநேகமாக எல்லோரும் அறிவார்கள். பாத்ரூம் தரை காய்ந்திருக்க வேண்டும், பிடிக்கக் கம்பி வேண்டும், இரவில் ஒரு சின்ன விளக்கு, தடுக்கும் மிதியடியை எடுத்துவிடுவது. அதிகம் சொல்லப்படாதது ஒன்று உண்டு. அவர் நடந்துகொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து குரல் கொடுக்காதீர்கள். மாடிப்படியில் இறங்கும் பாட்டியிடம் கீழேயிருந்து “ரிமோட்டை எங்க வச்சீங்க?” என்று கத்தாதீர்கள். கையில் காபி டம்ளரோடு வருகிறவரிடம் நாட்டு நடப்புப் பேசாதீர்கள். போன் அடித்தால் எழுந்து ஓட வேண்டிய இடத்தில் அதை வைக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். “எடுக்க இவ்வளவு நேரமா?” என்று நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த அழைப்புக்கு அம்மா இன்னும் வேகமாக ஓடி வருவார். மணி நின்றாலும் பரவாயில்லை, நான் திரும்பக் கூப்பிடுவேன் என்று ஒருமுறை சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “சரி, இனிமேல் அப்பா வெளியிலேயே போக வேண்டாம்” என்று முடிவெடுக்கும் குடும்பங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பாசத்தால் செய்யப்படும் கெடுதல் அது. நடக்காத காலில் சதை கரையும், சதை கரைந்த கால் இன்னும் தடுமாறும், தடுமாறுகிறவருக்குப் பயம் கூடும், பயந்தவர் ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைப்பார். கவனம் முழுவதும் காலுக்கே போய்விடும். விழுவோமோ என்ற அச்சமும் மூளைக்கு ஒரு கூடுதல் வேலைதான். பேச்சுத்துணை இல்லாமல் நடக்கச் சொல்வதும் தீர்வு ஆகாது. மாலையில் நண்பரோடு பேசியபடி நாலு தெரு சுற்றுவது அவர் வாழ்வில் மிச்சமிருக்கும் பெரிய சந்தோஷமாக இருக்கலாம். பேச்சை வெட்டுவதைவிடப் பாதையைச் சமப்படுத்துவது நாகரிகம்.

மேலும், இந்தத் திறன் போனால் போனதுதான் என்பதும் இல்லை. ஜெனீவாவில், எமில் ஜாக் டல்குரோஸ் என்ற இசையாசிரியர் உருவாக்கிய முறைப்படி, பியானோ வாசிப்புக்கு ஏற்ப நடப்பது, தாளம் மாறினால் நடையை மாற்றுவது என்று வாரம் ஒரு மணி நேரம் 134 முதியவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஆறு மாதப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி அளவே விழுந்தார்கள் என்று 2011-இல் முடிவு வெளியானது. டெல் அவீவ் ஆய்வாளர்கள் தலைமையில் ஐந்து நாடுகளில் நடந்த இன்னொரு சோதனை 2016-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் வெறுமனே நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் எதிரே திரையில் வரும் தடைகளையும் வளைவுகளையும் சமாளித்தபடி நடந்தார்கள். திரையோடு நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் விழும் விகிதம் 11.9-இலிருந்து 6-ஆகக் குறைந்தது. காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, காலையும் கவனத்தையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான பாடம். இதைப் படிக்கும்போது கும்மியும் கோலாட்டமும் நினைவுக்கு வராமல் போகாது. பாடிக்கொண்டே, எதிரே நிற்பவர் கோலைப் பார்த்துக்கொண்டே, அடி மாற்றி வைக்கும் ஆட்டங்கள். அவை விழுவதைத் தடுக்கும் என்று சான்று காட்ட நான் இங்கே முயலவில்லை. ஆனால் முதியோர் மன்றத்திலும் பூங்காவிலும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருக்க மெதுவான கோலாட்டத்தைப் பழக்கிப் பார்ப்பதில் நஷ்டம் என்ன? டிரெட்மில்லைவிட மலிவு, சிரிப்பும் கூடவே கிடைக்கும்.

மருத்துவர்களின் பங்கு ஒரு கேள்வியில் தொடங்குகிறது: “போன ஒரு வருஷத்துல எங்கேயாவது விழுந்தீங்களா?” முட்டிவலி என்று வருகிறவர், விழுந்ததைத் தாமாகச் சொல்ல மாட்டார். சொன்னால் வீட்டில் வெளியே விடமாட்டார்கள் என்ற பயம். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, மரத்த பாதம், படியிறங்கும்போது குழப்பும் இருபார்வைக் கண்ணாடி ஆகியவற்றை விசாரிக்க அந்த ஒரு கேள்வி வழி திறக்கும். பிறகு சில அடி நடக்கச் சொல்லிப் பார்க்கலாம், ஒரு மனக்கணக்கைக் கொடுத்துவிட்டு மறுபடி நடக்கச் சொல்லலாம். இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும். கனடாவின் ஒன்டாரியோவில் மொன்டேரோ-ஓடாசோ குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே லேசான மறதி இருந்தவர்களில், மனக்கணக்கோடு நடக்கும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே தாத்தாவை நடக்கவிட்டு வீட்டில் பரீட்சை வைக்க வேண்டாம். ஒரு நாள் மெதுவாக நடந்ததெல்லாம் மறதிநோய் ஆகிவிடாது. அந்த அளவீடு மருத்துவரின் கையில் பல தகவல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

பரீட்சையைக்கூட நம் ஊருக்கு ஏற்றபடிதான் அமைக்க வேண்டும். நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் குழு வகுத்த பேசிக்கொண்டே நடக்கும் சோதனையில் ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிக்கு அது எப்படிச் சரிவரும்? நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னால், பட்டம் பெற்றவர் திணறும் இடத்தில் மீன் விற்கும் அம்மா சட்டென்று சொல்லிவிடுவார். அவருக்கு அது வேலையே இல்லை. காய்கறிப் பெயர்களோ மிருகங்களின் பெயர்களோ சொல்லச் சொல்வது இருவருக்கும் பொதுவாக இருக்கும். வர்கீஸ் குழுவினர் கோழிக்கோட்டிலும் முதியவர்களின் நடையையும் நினைவையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது நம்மிடமும் முடியும். 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதுமை மருத்துவப் பிரிவைத் தொடங்கிய மாநிலம் இது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள், பிசியோதெரபிஸ்ட்டும் அதில் உண்டு. மாத்திரை கொடுக்கிறவர், விழுந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டால், யார் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தெருவுக்கும் ஒரு வழி உண்டு, செலவில்லாதது. 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. குடிநீர், குப்பை, தெருவிளக்கு என்று மனுக்கள் வருகின்றன. அடுத்த கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள், கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் கடைக்காரர் ஒருவரும் குடியிருப்போர் சங்கத்துக்காரர் ஒருவரும் தெருவில் இறங்கட்டும். கூடவே எழுபது வயதைத் தாண்டிய, நடமாட்டமுள்ள இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவர் பக்கத்திலும் தாங்கிப் பிடிக்க ஓர் இளைஞர். ரேஷன் கடைவரை மெதுவாக நடக்க வேண்டும், நடந்துகொண்டே பேச வேண்டும். சொந்த ஊர் எது, கல்யாணத்துக்கு என்ன சாப்பாடு போட்டார்கள், பேரன் என்ன படிக்கிறான். பேசிக்கொண்டே வருகிறவர் எந்த இடத்தில் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காலைப் பார்க்கிறாரோ, அங்கே பொறியாளர் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். பேச்சு மறுபடி தொடங்கும் இடத்தில் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உமியோவில் மனிதரை அளந்த அதே முறையால் தெருவை அளக்கலாம்.

வட்டம் விழுந்த இடங்களைப் படமெடுத்துப் பகுதி சபையில் காட்டினால், யார் எதைச் சரிசெய்வது என்ற பேச்சு அங்கேயே நடக்கும். ஆடும் மூடி மாநகராட்சிக்கு. நடுவில் நிற்கும் பெட்டி மின்வாரியத்துக்கு. சரிவு வீட்டுக்காரருக்கு, மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே மேஸ்திரியை அழைத்தால் கூலி குறையும். பைக் நிறுத்த எதிர்ப்பக்கம் ஒரு கோடு, அதைப் போடக் கடைக்காரர்களே முன்வரலாம். இவற்றில் பாதி அடுத்த சபைக்குள் முடிந்துவிடக் கூடியவைதான். சாக்பீஸ் மழையில் அழிந்துவிடுமே என்று யாராவது சொன்னால், பெயின்ட் டப்பா கொண்டுவரும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.